திவ்யா சொல்லாத எண்

அத்தியாயம் 17

ஜோஸ்லின் சென்னையிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கி ஒன்பது நாளாகிவிட்டது. அந்த ஒன்பது நாளில் அவளும் அண்ணன் டெர்வினும் முகத்துக்கு முகம் பேசியது மூன்று தடவை. மூன்றும் சண்டை.

சண்டைக்குக் காரணம் ஒரு சம்பல்.

டெர்வினின் மனைவி திவ்யா, அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பேயில் இருக்கும் அந்த வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் செய்யும் மாசிச் சம்பல். காய்ந்து கட்டையாகிப்போன சூரை மீனை, அதாவது மாசியை, இடித்து, வெங்காயத்தையும் மிளகாயையும் தேங்காயெண்ணெயில் வதக்கிச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து பாட்டிலில் அடைப்பாள். இரண்டு வருடமாக போர்ட் பிளேரிலும் ஹேவ்லாக்கிலும் நாலைந்து கடைகளில் மட்டும் விற்றது. போன மாதம் ஹேவ்லாக் ரிசார்ட்டில் தங்கிய ஒரு பெண், அதைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டு வீடியோ போட்டாள். பாட்டிலில் இருந்த திவ்யாவின் நம்பருக்கு மெயின்லாண்டிலிருந்து முந்நூறு பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே கேள்வி. "எங்க ஊருக்கு அனுப்புவீங்களா?"

ஆன்லைனில் விற்கலாம் என்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. எந்தத் தளத்தில் விற்பது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிளந்தது.

டெர்வினுக்கு 'கார்ட்நதி'. லட்சம் வியாபாரிகள் ஒரே இடத்தில் கடை விரித்திருக்கும் பெரிய தளம். ஜோஸ்லினுக்கு 'தனிக்கடை'. மாத வாடகை கட்டி, சொந்தப் பெயரில் சொந்த முகவரியில் கடை திறந்துகொள்ளும் தளம்.

கார்ட்நதியின் கிறிஸ்துமஸ் சந்தையில் சேர இன்று மதியம் பன்னிரண்டு மணி கடைசி. ஜோஸ்லின் சென்னையில் இருந்தபோதே பதிந்த தனிக்கடை இலவசமாகக் கொடுத்த பதினாலு நாளும் இன்றோடு முடிகிறது.

அதனால் அந்தக் காலையில் டெர்வின் துறைமுக வொர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மறுமுனையில் ஜோஸ்லின். அவளிடமும் ஒரு லேப்டாப். நடுவில் ஆறிப்போன இட்லி.

"ஒன் தனிக்கடைக்கு எவன் வருவான்?" டெர்வின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "நடுக்கடல்ல கடையப் போட்டு போர்டு மாட்டுன மாதிரிதான் இருக்கும்."

"முந்நூறு பேர் ஏற்கெனவே வந்து நிக்கான். அவன்கிட்ட அட்ரஸ் குடுத்தா போதும்."

"முந்நூறு பேரு ஒரு மாசத்துக்குக் காணும். பொறகு?"

"பொறகு அவன் நாலு பேர்கிட்ட சொல்லுவான். கார்ட்நதில என்ன நடக்கும்னு நான் சொல்லட்டா? வாங்குறவன் பேரோ நம்பரோ ஒனக்குத் தர மாட்டான். எல்லாம் அவன் கஸ்டமர். நம்ம பாட்டில் பக்கத்துலயே வேற ஒருத்தன் பாட்டில வெச்சு, பத்து ரூபா கம்மின்னு காட்டுவான். நீ வெறும் சப்ளையர். மத்லப், கூலின்னு அர்த்தம்."

"இதெல்லாம் தெரிஞ்சவளதான் சென்னை கம்பெனிக்காரன் வேலைய விட்டு அனுப்புனானா?"

ஜோஸ்லின் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டாள். தட்டு டெர்வினின் கையில் போய் இடித்தது.

"என்னை மட்டும் அனுப்பல. அந்த செக்‌ஷனையே மூடினாங்க."

"அங்க மூடினாங்கன்னா இங்க வந்து முதலாளி ஆகிரலாம்னு பாக்குற."

"நீ கவர்மென்ட் சம்பளமும் வாங்கிட்டு, மைனி வேர்வையிலயும் காசு பாக்கலாம்னு பாக்குற. ரெண்டுல எது கேவலம்?"

கொட்டகையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த திவ்யாவுக்கு இதெல்லாம் கேட்டது. அடுப்பைத் தணித்தாள். உள்ளே போகவில்லை. ஒன்பது நாளாகவே அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை பாட்டில் செய்ய முடியும் என்றுகூடக் கேட்கவில்லை.

பத்து மணிக்கு டெர்வின் கூப்பிட்டான்.

"திவ்யா! அந்த ஃபுட் லைசென்ஸ் பேப்பர எடுத்துட்டு வா. ஜல்தி."

அதே மூச்சில் ஜோஸ்லினும் அண்ணியிடம், "மைனி, எனக்கும் அந்த நம்பர் வேணும்" என்றாள்.

உணவுப் பொருள் விற்கும் லைசென்ஸ் திவ்யாவின் பெயரில் இருந்தது. அது யாரும் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. டெர்வின் அரசு ஊழியன். தன் பெயரில் வியாபாரம் வைக்க முடியாது. ஜோஸ்லின் அப்போது சென்னையில். மாமியார் சகாயசெல்விக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்கவில்லை. 'ஒரு கையெழுத்துதானே, நீயே போடு' என்று திவ்யாவைப் போட வைத்தார்கள். பெண்களுக்கான பயிற்சி வகுப்பில் அவள் பெயரில் ஒரு பாங்க் கணக்கும் திறந்து கொடுத்தார்கள். அன்றைக்கு அது ஒரு தலைவலியைத் தள்ளிவிட்ட நிம்மதி எல்லோருக்கும்.

திவ்யா கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தோடு வந்தாள். டெர்வினின் தோளுக்குப் பின்னால் நின்று பதினாலு இலக்க எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவன் தட்டிக்கொண்டே வந்தான். கடைசி இலக்கம் முடிந்ததும் அவள் கண் அவன் திரையில் ஒரு வரி கீழே இறங்கியது.

*உற்பத்தி செய்யும் இடம்: ராயபுரம், சென்னை.*

"இது என்னாங்க?"

"எது?"

"செய்யுற இடம் ராயபுரம்னு போட்டிருக்கு."

டெர்வின் பக்கத்தை மேலே தள்ளினான். "அது குடோன் அட்ரஸ். மெயின்லாண்ட் பின்கோடு இருந்தாத்தான் ரெண்டு நாள்ல டெலிவரின்னு காட்டுவான்."

"குடோன் அட்ரஸ் அதுக்கு மேல தனியா இருக்கே. நான் பாத்தேன். கீழ இறக்குங்க."

அவன் இறக்கவில்லை. மேஜையில் சாய்த்து வைத்திருந்த அவன் போன் அந்த நேரம் பார்த்துப் பேசியது. வீடியோவில் பென்னி. டெர்வினின் சித்தி மகன். ராயபுரத்தில் ஐஸ் கடை வைத்திருப்பவன். படிவம் எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுக்கக் காலையிலிருந்தே இணைப்பில் இருந்தான்.

"மைனி, இதுல டென்ஷன் ஆக ஒண்ணும் இல்ல" என்றான் பென்னி. "இங்க ரெண்டு லேடீஸ் ரெடியா இருக்காங்க. கிரைண்டர் வாங்கிட்டேன். அங்கேருந்து மாசி மட்டும் கப்பல்ல ஏத்திவிட்டா போதும். அளவ மட்டும் ஒரு தடவ வீடியோல காட்டிருங்க. ஒங்களுக்கும் ரெஸ்ட் கெடைக்கும்லா?"

திவ்யா டெர்வினைப் பார்த்தாள். அவன் லேப்டாப்பைப் பார்த்தான்.

"டெர்வின் ஒங்ககிட்ட சொல்லலையா?" பென்னியின் குரல் இறங்கியது.

"இல்ல தம்பி. இப்ப நீங்கதான் சொல்றீங்க."

டெர்வின் எட்டி வீடியோவை அணைத்தான். "சொல்லலாம்னுதான் இருந்தேன். இங்கேருந்து பாட்டில் பாட்டிலா கப்பல்ல ஏத்துனா பாதி ஒடஞ்சு போகும், மீதி லேட்டாகும். ஒரு மாசத்துக்கு ஆயிரம் பாட்டில் கேட்டா நீ ஒருத்தி எப்டி செய்வ?"

"அத என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"அது இருக்கட்டும். என் லைசென்ஸ்ல மின்னி பேன்னு இருக்கு. ராயபுரத்துல யாரோ செஞ்சு, பாட்டில்ல என் நம்பர ஒட்டுவீங்க. நாளைக்கு அதைத் தின்னு ஒரு புள்ளைக்கு வயித்தால போனா ஆபீசர் யாரைத் தேடி வருவாரு? பென்னி தம்பியவா? உங்களையா?"

ஜோஸ்லின் இரண்டு கையையும் சேர்த்துச் சத்தமாகத் தட்டினாள்.

"சபாஷ் மைனி! ஒன்பது நாளா நான் இதத்தான் சொல்லுதேன். இவனுக்குப் பாட்டில் வேணும், நீ வேண்டாம். என்கிட்ட நம்பர சொல்லு. பத்து நிமிஷத்துல நம்ம கடை ஓப்பன்."

"நீ செஞ்சதையும் காட்டு" என்றாள் திவ்யா.

"என்ன?"

"அந்தக் கடைய. நான் இன்னும் பாக்கலையே."

ஜோஸ்லின் ஒரு கணம் தயங்கினாள். பிறகு லேப்டாப்பைத் திருப்பினாள்.

அழகாகத்தான் இருந்தது. நீலக் கடல், வெள்ளை மணல், கையில் பாட்டிலோடு ஜோஸ்லின் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே 'ஜோஸ்லின்ஸ் ஐலண்ட் கிச்சன்' என்று பெயர். 'எங்கள் கதை' என்ற இடத்தைத் திவ்யா தொட்டாள்.

*எங்கள் தாத்தா குமரிக் கடற்கரையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் ஏறியபோது எங்கள் குடும்பம் கூடவே கொண்டுவந்த செய்முறை இது. மூன்று தலைமுறையாக எங்கள் அம்மாவின் சமையலறையில்...*

திவ்யா இரண்டு தடவை படித்தாள்.

"குமரிக் கடற்கரையில எந்த வீட்டுல மாசிச் சம்பல் இடிச்சாங்க, ஜோஸ்லின்?"

"மைனி, அது மார்க்கெட்டிங். கதை இருந்தாத்தான் வாங்குவான்."

"கதை இருக்கே. எங்க ஆளுங்க சிலோன் தோட்டத்துலேருந்து கப்பல்ல வந்து கச்சால் தீவுல எறங்குனாங்க. ரப்பர் தோட்டத்து லைன் வீட்டுல எங்கம்மா செஞ்ச சம்பல் இது. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு மாமி இத மோந்து பாத்துட்டு, நாத்தம்னு வெளிய வெக்கச் சொன்னாங்க. அத எழுதியிருக்கலாமே?"

"அத எழுதினா எவன் வாங்குவான்?" ஜோஸ்லினின் குரல் கூர்மையானது. "தோட்டத்து லைன், ரப்பர் காடு... அதெல்லாம் ஒரு பிராண்டா? நான் ராத்திரி பகலா உக்காந்து கட்டியிருக்கேன். நீ ஒரு பத்தியப் புடிச்சிட்டு நிக்குற."

"உரிமையாளர்னு யாரு பேரு இருக்கு?"

திவ்யா தானே இறக்கிப் பார்த்தாள். ஜோஸ்லின் செபஸ்தியான்.

மேஜையின் இரண்டு முனையிலும் இரண்டு கடை. இரண்டிலும் அவள் இடித்த சம்பல். அவளுக்கு மட்டும் இடமில்லை.

அந்தச் சமயம் அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. டெர்வின் படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டிருந்தான். கண்சிமிட்டும் நேரத்தில் இன்னொரு தடவை அதிர்ந்தது. திவ்யா கதையைப் படித்துக்கொண்டிருந்தபோது ஜோஸ்லின் மேஜையிலிருந்த காகிதத்தைப் பார்த்து லைசென்ஸ் எண்ணைப் போன் வழியாகத் தன் படிவத்திலும் போட்டிருந்தாள்.

லைசென்ஸ்காரரின் நம்பருக்கு ஓடிபி. இரண்டு தளத்திலிருந்தும். ஆறு ஆறு இலக்கம். பத்து நிமிடம் கெடு.

"நம்பர சொல்லு" என்றான் டெர்வின்.

"மைனி, எனக்கு வந்தத மட்டும் சொல்லு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

திவ்யா போனைக் குப்புறப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்."

"என்ன வெளயாட்டு இது?"

"வெளயாட்டு இல்லீங்க. ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டேன்."

டெர்வின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "தேக், பாரு திவ்யா, பன்னெண்டு மணிக்கு சந்தை மூடிரும். அடுத்தது அடுத்த வருஷம்தான். குடு போன."

கையை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். அவன் முறுக்கினான். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தரையில் தெறித்தது. ஜோஸ்லின் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'விடு' என்று சொல்லவில்லை. அவள் கண்ணும் போன் மேலேதான் இருந்தது.

"என்னலே சத்தம்?"

சகாயசெல்வி உள்ளறையிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டெர்வின் கையை விட்டான். நடந்ததை அவனும் ஜோஸ்லினும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒன்பது நாளில் முதல்முறையாக இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

சகாயசெல்வி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடீ, கச்சால் காட்டுலேருந்து ஒத்தப் பெட்டியோட வந்தவ நீ. மதம் பாக்கல, சாதி பாக்கல, எனக்க மவன் ஆசப்பட்டான்னு ஏத்துக்கிட்டேன். இன்னைக்கு எனக்க புள்ளைகள ஒனக்க வாசல்ல கையேந்த வெக்கியா?"

"நான் கையேந்தச் சொல்லல மாமி. என் பேரு இருக்குற எடத்துல என்னைக் கேட்டுட்டுச் செய்யச் சொல்றேன்."

"பேரா? நாங்க போட்டுக் குடுத்த பேரு."

"ஆமா. நீங்கதான் போட வெச்சீங்க. தலைவலின்னா என் பேரு, வெலை போச்சுன்னா உங்க பேரு. அது எப்படி மாமி?"

சகாயசெல்விக்கு முகம் கறுத்தது. திவ்யா அவள் பேசுவதற்குக் காத்திருக்கவில்லை. லைசென்ஸ் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

பின்னால் டெர்வின் கத்தினான். "இப்ப போனேன்னா..."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் வளையல் கீறிய இடத்தில் ரத்தம் பொடித்திருந்தது. முந்தானையால் அழுத்திக்கொண்டாள். பக்கத்து சீட்டில் மீன்கூடையோடு இருந்த பெங்காலி அம்மா, "க்யா ஹுவா பேட்டி?" என்று இந்தியில் விசாரித்தாள். "குச் நஹி", ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள். கச்சாலுக்குக் கப்பல் ஏறிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஏறினால் தன் சம்பலை யார் யாரோ பங்கு போட்டுக்கொள்வார்கள் என்று அடுத்த நினைப்பு வந்தது.

தபால் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கினாள்.

பார்சல் கவுன்டரில் வைஜெயந்தி என்று பெயர்ப்பட்டை குத்திய அம்மாள் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கொஞ்சமும் சிரிக்காத முகம்.

"மேடம், சம்பல் பாட்டில் மெயின்லாண்டுக்கு அனுப்பணும்."

"எண்ணெயா?"

"ஆமா."

"போன வாரம் ஒருத்தர் ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்தாரு. ஒடஞ்சு இருபது பேரோட கவர்ல எண்ணெய். நான்தான் பாட்டு கேட்டேன். வேண்டாம்."

"பாட்டில் இல்லாம இருந்தா?"

"எண்ணெய் ஒழுகக் கூடாது. ஒடையக் கூடாது. வாடை வெளிய வரக் கூடாது. அப்டி எதாச்சும் கொண்டுவந்தா வாங்கிக்கிறேன்." அடுத்த ஆளைப் பார்க்கப் போனவள், திவ்யாவின் மணிக்கட்டைக் கண்டு நிறுத்தினாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து நகர்த்தினாள். "அங்க பெஞ்ச் இருக்கு. லைன மறிக்காத."

திவ்யா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எண்ணெயைக் குறைத்து, பொலபொலவென்று வறுத்து, காற்றுப் புகாத பையில் அடைத்தால்? செய்யலாம். ருசி இன்னும் ஏறும். கெடுவதற்கு நாளும் எடுக்கும். ஒன்பது நாளாகக் கப்பல், பாட்டில், குடோன் என்று சண்டை போட்டவர்கள் இடிக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொட்டகையிலேயே சொல்லியிருப்பாள்.

போனை எடுத்தாள். முதலில் கார்ட்நதியின் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படித்தாள். புரியாத இடத்தை மறுபடி படித்தாள். வாங்குபவரின் விவரம் விற்பவருக்குக் கிடைக்காது. திரும்பி வரும் பொருளின் செலவு விற்பவர் தலையில். பொருளின் விலையைச் சந்தை நாட்களில் அவர்கள் குறைக்கச் சொல்லலாம். தனிக்கடையில் வாடகை உண்டு; ஆனால் வாங்கியவர் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். கூட்டத்தைத் தானே கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தில் முந்நூறு பேர் அவள் போனிலேயே இருந்தார்கள்.

ஜோஸ்லின் சொன்னது சரிதான். அவள் எழுதியதுதான் பொய்.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே புதுக் கணக்கு திறந்தாள். நடுவில் இரண்டு தடவை நெட் போனது. இரண்டு தடவையும் முதலிலிருந்து நிரப்பினாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. வைஜெயந்தி கவுன்டரை மூடி, சாப்பிட்டு, மறுபடி திறந்தாள். லைசென்ஸ் எண்ணைப் போட்டதும் போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். இந்தத் தடவை யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே தட்டினாள்.

கடையின் பெயர் கேட்டது. 'கச்சால் சம்பல்' என்று எழுதினாள்.

'எங்கள் கதை' கேட்டது. ரொம்ப நேரம் யோசித்து மூன்று வரி எழுதினாள்.

*இது மாசிச் சம்பல். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தில் செய்வது. செய்பவர் திவ்யா, மின்னி பே, போர்ட் பிளேர்.*

படம் வேண்டும் என்றது. போனில் தேடினாள். டெர்வினோடு எடுத்தது, மாமியோடு எடுத்தது, யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்தது. தனியாக ஒன்றுகூட இல்லை. கடைசியில் உரல் படத்தைப் போட்டாள்.

முந்நூறு நம்பருக்கும் கடையின் முகவரியை அனுப்பிவிட்டு எழுந்தபோது மூன்றரை மணி. வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

வீட்டு வாசலில் ஜோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். திரையில் உரல்.

"எனக்க தளத்தையே எடுத்து எனக்கே ஆப்பு வெச்சிட்டியே மைனி."

"தளம் நீ சொன்னதுதான். சரியாத்தான் சொன்ன."

"அப்ப என்னைக் கூட வெச்சுக்கிட்டிருக்கலாம்லா?"

"உன் கடையில என்னை வெச்சியா?"

ஜோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போ. உள்ள அம்மா காத்திட்டிருக்கா."

சகாயசெல்வி உள்ளே இல்லை. பின்பக்கம், கொட்டகைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவில் ஒரு பெரிய பூட்டு. புதிது. பூட்டு வாங்கிய அட்டை இன்னும் தரையில் கிடந்தது. பக்கத்தில் டெர்வின் சுவரைப் பார்த்து நின்றான்.

உள்ளே உரல், அடுப்பு, தராசு. பதினெட்டு கிலோ மாசி. காலையில் அவள் பாதி வறுத்து விட்டுப்போன மிளகாய்.

"லைசென்ஸ் ஒனக்க பேருல" என்றாள் சகாயசெல்வி. குரல் உயரவில்லை. "வீடு எனக்க பேருல. கொட்டக எனக்க பேருல. இந்த எடத்துல தொழில் செய்ய சம்மதம்னு நான் போட்ட கையெழுத்துலதான் அந்த லைசென்ஸ் நிக்குது. நாளைக்கு ஆபீஸ் தொறந்ததும் போறேன். சம்மதம் இல்லேன்னு எழுதிக் குடுப்பேன். முட்டி வலிச்சாலும் ஏறுவேன்."

திவ்யா டெர்வினைப் பார்த்தாள். "நீங்க என்னா சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல? அம்மாவ எதுத்துக்கிட்டு..."

"காலையில கைய முறுக்குனீங்களே, அது அம்மா சொல்லியா?"

அவன் அவள் மணிக்கட்டில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்தான். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தான்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் சகாயசெல்வி. "அந்தக் கடைய மூடு. சந்தை போனாலும் போகட்டும், டெர்வின் சொன்ன எடத்துல கையெழுத்துப் போடு. அடுத்த நிமிஷம் பூட்டத் தொறக்கேன். இல்லேன்னா ஒனக்க சம்பல ரோட்டுல வெச்சு இடி."

"நான் கடைய மூட மாட்டேன் மாமி."

"பின்ன எங்க வெச்சு செய்வ?"

வேறு உரலோ அடுப்போ திவ்யாவிடம் இல்லை. இல்லை என்பது சகாயசெல்விக்கும் தெரிந்தது. ஜோஸ்லின் பின்வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

போன் அதிர்ந்தது.

திவ்யா எடுத்துப் பார்த்தாள். தனிக்கடையிலிருந்து. முதல் செய்தி.

*புதிய ஆர்டர். கோயம்புத்தூர். பன்னிரண்டு பாக்கெட். பணம் செலுத்தப்பட்டது. நாளை மறுநாள் மாலைக்குள் அனுப்ப வேண்டும்.*

கீழே இரண்டு பட்டன். மறுக்கிறேன். ஏற்கிறேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. மதுரை. எட்டு பாக்கெட். அதற்கும் கீழே அதே இரண்டு பட்டன்.

"என்ன?" என்றான் டெர்வின், தன்னை மீறி.

திவ்யா திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். மூன்று பேரும் படித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தாள். டெர்வின் ஒரு அடி முன்னால் வந்தான். சகாயசெல்வி பூட்டின் சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

திவ்யா அவள் கண்ணைப் பார்த்தபடியே, ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு ஆர்டரையும் ஏற்றாள்.